குழிமேட்டில் எடுத்த படம்

பெர்ஜீனே
1966 அக்டோபர் 23

இயேசுவுக்குப் புகழ்.

தம்பி பெனியுஸ், நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டு அக்கா கோத்ரினா எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். அம்மா போய்விட்டாள்.

பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையில் கஞ்சி குடித்தாள், உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டினாள், சாய்ந்து படுத்தாள், அவ்வளவுதான். படுத்துக் கிடந்து சீரழியவில்லை. உருளைக்கிழங்கு தோண்டுகிற நேரம் என்பதால் கூட்டுப்பண்ணைத் தலைவர் ஊர்க்காரர்களுக்கு அரை நாள் விடுப்புக் கொடுக்கவே மூக்கால் அழுதார். ஆனாலும் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். பாட்டுக்காரப் பெண்கள் தொண்டை கட்டும்வரை பாடினார்கள். ஓனா மட்டும் வழக்கம்போல மற்றவர்களுக்கு ஒரு வரி முன்னால் ஓடினாள். அம்மாவுக்குக் கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து ஒரு அறை வைத்திருப்பாள்.

டவுனிலிருந்து படம் பிடிப்பவனை வரவழைத்தோம். நம் வழக்கப்படி குழிமேட்டில் பெட்டியைத் திறந்து வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம். தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்கு அம்மா முகத்தைக் கடைசியாகக் காட்ட வேறு வழி ஏது? இத்துடன் வைத்திருக்கிறேன். மடக்காமல் வந்து சேர வேண்டும்.

ஸ்தெஃபா நலம். நியோலே காவ்னஸிலிருந்து வந்திருந்தாள். டாக்டர் படிப்பில் இது அவளுக்குக் கடைசி வருஷம்.

எப்போதும்போல டவுன் தபால் நிலையத்துக்கே எழுது. பால் வண்டியோடு போகும்போது வாங்கிக்கொள்கிறேன். வீட்டு விலாசத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அழுது முடித்துவிட்டு நன்றாகச் சாப்பிடு.
உன் அக்கா கோத்ரினா


சிகாகோ
1966 நவம்பர் 21

என்றென்றும் புகழ், ஆமென்.

அன்புள்ள அக்கா, உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு இவ்வளவு சின்ன முகமா? தலைமாட்டில் நிற்கும் உயரமான பெண்தான் என் மகள் நியோலேயா? நான் போகும்போது அவளுக்கு ஒரு வயது. என் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நெற்றி அப்படியே ஸ்தெஃபாவின் நெற்றி.

அக்கா, ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இங்கே ஒரு பயண அலுவலகம் நம் ஆட்களைக் கூட்டமாக வில்னியூஸுக்கு அழைத்துப் போகிறது. ஐந்து நாள். கிராமத்துக்கு விட மாட்டார்கள், ஆனால் சொந்தக்காரர்கள் நகரத்துக்கு வந்து பார்க்கலாம். அடுத்த கோடையில் வருகிறேன். நீ ஸ்தெஃபாவையும் நியோலேயையும் கூட்டிக்கொண்டு வா. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பிள்ளையின் படிப்புக்குக் கெடுதல் என்று நீ சொன்னதால்தான் இத்தனை வருஷமும் கட்டிய மனைவி ஸ்தெஃபாவுக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். நான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியும், எனக்காக ஜெபிக்கிறாள் என்று நீ எழுதுவாயே, அதை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் தனியாகக் காலம் தள்ளினேன். இங்கே எத்தனையோ பேர் வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
தம்பி பெனியுஸ்


பெர்ஜீனே
1967 ஜனவரி 8

இயேசுவுக்குப் புகழ்.

தம்பி, புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு மூட்டுவலி இருக்கிறது, அது என்னை விட்டு எங்கே போகும்?

இங்கே பனி ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. பால் வண்டியை இழுக்கும் குதிரை இரண்டு முறை பள்ளத்தில் விழுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் அம்மாவுக்கு ஒரு தட்டு வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். பன்னிரண்டு வகை வைக்க வேண்டுமே, ஹெர்ரிங் மீனை நாலு விதமாகச் சமைத்துக் கணக்கை ஒப்பேற்றினேன். அம்மா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

ஆமாம், தலைமாட்டில் நிற்பது நியோலேதான்.

பயணம் பற்றி எழுதியிருந்தாய். வில்னியூஸ் பக்கத்திலா இருக்கிறது? கோடையில் பிள்ளைக்குக் கடைசிப் பரீட்சை. எனக்கும் பாலை விட்டுவிட்டு வர ஆள் கிடைக்காது. உனக்கும் வயது ஐம்பத்திரண்டு ஆகிறது, விமானத்தில் காது அடைக்குமாம். அவசரப்படாதே. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

குளிரில் தலையை மூடாமல் போகாதே.
அக்கா கோத்ரினா


சிகாகோ
1967 பிப்ரவரி 6

என்றென்றும் புகழ்.

அக்கா, உன் கடிதம் வந்த மறுநாள் கீழ்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கினேன். நியோலேயின் முகத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று ஆசை.

முகத்தைப் பார்த்தேன். பிறகு பாதிரியாரின் தோளுக்குப் பின்னால் இருக்கும் கல்லைப் பார்த்தேன். அப்பாவின் பெயர் இருக்கிறது, சரி. அதற்குக் கீழே என் பெயர் இருக்கிறது. பெனெதிக்தாஸ், 1915-1944.

ஏன் அக்கா, என் கல்லறைக்கு முன்னால் நின்று படம் எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறாயா?

ஸ்தெஃபாவின் தோளில் ஒரு கை இருக்கிறது. கையோடு ஒரு ஆள் இருக்கிறான். ப்ரானாஸ் மாதிரி இருக்கிறது, டிராக்டர் ரிப்பேர் பார்ப்பானே, அவன். ஊர்க்காரன் ஆறுதலுக்குக் கை வைத்திருக்கிறான் என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முன்னால் ஒரு பையன் நிற்கிறான். மூக்கு ப்ரானாஸுடையது, நெற்றி ஸ்தெஃபாவுடையது.

குதிரை விழுந்த கதையும் ஹெர்ரிங் கதையும் எனக்கு வேண்டாம். நடந்ததை எழுது.

பெனியுஸ்


சிகாகோ
1967 ஏப்ரல் 3

அக்கா, இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூலை மூன்றாம் தேதி வில்னியூஸில் இருப்பேன். நீ எழுதினாலும் வருவேன், எழுதாவிட்டாலும் வருவேன்.

பெனியுஸ்


பெர்ஜீனே
1967 ஏப்ரல் 30

இயேசுவுக்குப் புகழ்.

தம்பி, இது தபாலில் வரவில்லை. உங்கள் ஊர் அம்மா ஒருவர் வில்னியூஸ் வந்திருந்தார், அவர் கோட்டின் உள்தையலுக்குள் வைத்து எடுத்துவருகிறார். படித்ததும் எரித்துவிடு.

அந்தப் படத்தைக் கவரில் போடுவதற்கு முன் நான் நூறு தடவை பார்த்தேன். அம்மா முகத்தைத்தான் பார்த்தேன். பின்னால் இருக்கிற கல் என் கண்ணில் படவே இல்லை. பதினெட்டு வருஷமாகப் பூப்போட்டுப் பழகிப்போன கல், எப்படிப் படும்? ப்ரானாஸை வேண்டுமென்றுதான் ஓரமாக நிற்கச் சொன்னேன், அந்த மடையன் நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்துவிட்டான்.

1948 பிப்ரவரியில் ஜெர்மனி அகதி முகாமிலிருந்து நீ எழுதிய முதல் கடிதம் வந்தது. நான்தான் வாங்கினேன். அந்த மாதம் கிராம சபையில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரனோடு போனவன் வீடு எது, துப்பாக்கியோடு காட்டுக்குள் இருக்கிறவன் வீடு எது என்று. ஒரு நாள் நம் வீட்டுக்கே ஒரு அதிகாரி வந்தான். ஸ்தெஃபா தொழுவத்தில் இருந்தாள்.

“பெனெதிக்தாஸ் எங்க?” என்றான்.

“செத்துட்டான்.”

“யாரு பாத்தது?”

“நான்தான் பாத்தேன். ஜெர்மன்காரன் குதிரை வண்டியோட புடிச்சிட்டுப் போனான், போனவன் பொழைக்கல. கண்ணால பாத்தவ சொல்றேன், வேணும்னா எழுதிக்குங்க.”

“கல்லறை எங்க?”

“வெக்கப் போறோம். கல்லு சொல்லியிருக்கு,” என்றேன். கல்லும் சொல்லவில்லை, மண்ணும் சொல்லவில்லை. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.

உன் கடிதத்தை ரொட்டி அடுப்பில் போட்டேன். ஆத்மா பூசை வைத்தோம், சாவு விருந்து போட்டோம். ஸ்தெஃபா என் மடியில் விழுந்து கதறினாள். அவளிடம் சொல்லியிருக்கலாமே என்கிறாயா? அவள் முகத்தில் எதுவும் நிற்காது, உனக்கே தெரியும். அவள் அழுகை உண்மையாக இருந்தால்தான் ஊர் நம்பும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த பாவி நான்தான். மே மாதம் ஆலைக்காரர் வீட்டையும் ஊசிஸ் வீட்டையும் வண்டியில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். ஊசிஸின் கைக்குழந்தை வழியிலேயே போய்விட்டது. நம் வீட்டு வாசலில் வண்டி நிற்கவில்லை. நியோலேக்கு அப்போது ஐந்து வயது.

பயம் தெளிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அது தெளிவதற்குள் 1951இல் ப்ரானாஸ் பெண் கேட்டு வந்துவிட்டான். கோயிலில் கல்யாணம். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் அவள் என்ன ஆவாள், சொல். ப்ரானாஸ் நல்லவன். உன் பெண்ணைக் குறை வைக்காமல் வளர்த்தான். அம்மாவுக்கு மட்டும் 1958இல், உன் இரண்டாவது கடிதம் வந்தபோது சொன்னேன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வருஷம் இருந்தாள். போகிறதற்கு முந்தின வாரம், “கோத்ரினா, என் புள்ளைக்குச் சொல்லிடு,” என்றாள். நான் சொல்லவில்லை.

நியோலே நிரப்பிய படிவங்கள் எல்லாவற்றிலும் ‘தந்தை 1944இல் இறந்தார், வெளிநாட்டில் உறவினர் எவரும் இல்லை’ என்றுதான் இருக்கிறது. ஜூன் கடைசியில் பட்டம். ஜூலையில் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். அந்த வாரத்தில் செத்துப்போன அப்பா அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினால் அவளுக்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. ஸ்தெஃபாவுக்கு இரண்டு புருஷன் என்று ஊர் சிரிக்கும்.

என்னைத் திட்டு, சபித்துத் தள்ளு. ஆனால் வராதே, உன் காலில் விழுகிறேன்.

கோத்ரினா


சிகாகோ
1967 மே 22

கோத்ரினாவுக்கு,

இதுவும் கையில்தான் வருகிறது. உன் கடிதத்தை எரித்துவிட்டேன். எரிக்கிற வேலை உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே.

நான் வருகிறேன். யார் என்று சொல்ல மாட்டேன். முதல் யுத்தம் முடிந்ததும் சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்ட நம் பெரியப்பா மகன் அதோமாஸ் அண்ணனை நியோலே பார்த்ததில்லை. அவர் வருகிறார் என்று அவளிடம் சொல். ஒரே ஒரு முறை அவளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும், குரலைக் கேட்க வேண்டும். ஸ்தெஃபாவை அழைத்து வராதே. அவள் என்னைப் பார்த்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள்.

இதையும் மறுத்தால் ஹோட்டலிலிருந்து நேராக ஓடி வந்து பெர்ஜீனேயில் நிற்பேன். பிடித்துக்கொண்டு போகட்டும்.

பெனெதிக்தாஸ்


பெர்ஜீனே
1967 ஜூன் 10

இயேசுவுக்குப் புகழ்.

தம்பி, இதுவும் கையில்தான் வருகிறது. நீ வணக்கம்கூடச் சொல்லாமல் எழுதியிருந்தாய். சொல்லாதே, நான் சொல்கிறேன். நீ சுகமாக வந்து சேர வேண்டும்.

நியோலேயிடம் பேசிவிட்டேன். “யாரு அத்தை அந்த அதோமாஸ்? இத்தனை வருஷம் இல்லாத பெரியப்பா இப்ப எங்கேருந்து மொளைச்சாரு?” என்று சிரித்தாள். “படிவத்துல எழுதாத பெரியப்பா. பாத்துட்டு மறந்துடணும்,” என்றேன். அவள் மக்கு இல்லை, புரிந்துகொண்டாள். நான்காம் தேதி வேலை விஷயமாக வில்னியூஸ் போகிறாள், நானும் கூட வருகிறேன்.

ஹோட்டலுக்குள் வர மாட்டோம். அங்கே பேப்பர் படிக்கிற ஆட்கள் பேப்பர் படிப்பதில்லை. வழிகாட்டிப் பெண் வேறு எல்லோர் பெயரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவாளாம். பத்து மணிக்குப் பேராலயத்துக்குப் பக்கத்துப் பூங்காவில், ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார். பரிசு கிரிசு தூக்கிக்கொண்டு வராதே. முக்கியமாக அழாதே. அதோமாஸ் எதற்கு அழ வேண்டும்?

கோத்ரினா


பெர்ஜீனே
1967 ஜூலை 23

இயேசுவுக்குப் புகழ்.

தம்பி, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? விமானத்தில் காது அடைத்ததா?

நியோலேக்குப் பனவேஜிஸ் ஆஸ்பத்திரியில் வேலை போட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஸ்தெஃபாவுக்குச் சந்தோஷத்தில் ஒரு வாரம் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. பூங்கா வாசலில் ஆரஞ்சு விற்கிறார்கள் என்றதும் நான் போய் வரிசையில் நின்றேன். ஆரஞ்சுக்காக மட்டும் போகவில்லை, உன்னையும் அவளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அரைமணி கழித்து வந்தால் நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அவள் முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. ரயிலில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்தெஃபாவை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஸ்தெஃபா அழுதாள். வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அவளிடம் என்ன சொன்னாய்? உண்மையைச் சொல்லிவிட்டாய் என்றால் அதையாவது எனக்குச் சொல்.

அக்கா கோத்ரினா


சிகாகோ
1967 ஆகஸ்ட் 20

என்றென்றும் புகழ், ஆமென்.

அன்புள்ள அக்கா, நான் சுகம். உன் மூட்டுவலிக்கு ஒரு தைலம் கிடைத்தது, அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவரிடம்தான்.

நீ ஆரஞ்சுக்குப் போனதும் நியோலே கொஞ்ச நேரம் வானிலை பேசினாள். அமெரிக்காவில் டாக்டர்களுக்கு எப்படி, ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன், அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, “பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அத்தைகிட்ட கேக்க முடியாது. எங்கப்பா பேர எடுத்தாலே அடுப்ப ஊதப் போயிடுவாங்க,” என்றாள்.

“கேளும்மா.”

“ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. சின்ன வயசுலேருந்து கேக்குறேன். கல்லறை காலி, பெனெதிக்தாஸ் சாகல, பொண்டாட்டி புள்ளைய உதறிட்டு அமெரிக்கா போயி வேற குடும்பத்தோட சொகுசா இருக்கான்னு. பள்ளிக்கூடத்துலயே என் காதுபடச் சொல்லுவாங்க. அம்மா காதுல விழுந்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க. ப்ரானாஸ் அப்பாவும் பாவம், மொகம் செத்துப்போயி ஒக்காந்திருப்பாரு. நீங்க அங்கேயே இருக்கீங்க. நம்ம ஆளுங்க எல்லாரையும் தெரியும். உண்மையச் சொல்லுங்க பெரியப்பா. அவரு செத்துட்டாரா, இல்ல எங்கள வேணாம்னு விட்டுட்டாரா?”

அக்கா, உன் பயம் எதுவும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நான்தான் உன் அப்பா, நான் உன்னை விடவில்லை என்ற வார்த்தை வாய்க்கு வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதில் நல்ல பதில் ஒன்றுதான் இருந்தது. உயிரோடு இருக்கிற அப்பா என்பது அவளுக்குக் கெட்ட பதில். இருபத்துமூன்று வருஷம் வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த ஒருவன், நான் உங்களை விடவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

“செத்துட்டாரும்மா,” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

“கூட இருந்த ஒருத்தரு அங்க வந்து எங்கிட்ட சொன்னாரு. எல்லைகிட்ட ராத்திரியோட ராத்திரியா வண்டியப் போட்டுட்டு எறங்கிட்டாராம். வீட்டுப் பக்கமா ரெண்டு நாள் நடந்திருக்காரு. மூணாம் நாள் குண்டு பட்டுடுச்சு. ரொம்ப அவதிப்படல.”

அவள் அவதியைப் பற்றிக் கேட்கவில்லை. “வீட்டுப் பக்கமாவா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“திரும்பி வந்துட்டு இருந்தாரா? எங்ககிட்டயா?”

“உங்ககிட்டதான்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். “அம்மாகிட்ட சொல்லணும், இன்னிக்கே சொல்லணும்,” என்றாள். குனிந்து, நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி என் கையில் முத்தம் கொடுத்தாள். “அப்பா செத்துட்டாருன்னு கேட்டு யாராவது சந்தோஷப்படுவாங்களா? நான் படுறேன் பெரியப்பா, என்னைத் தப்பா நினைக்காதீங்க,” என்றாள். தப்பாக நினைக்கவில்லை என்று சொன்னேன். அப்புறம் நீ ஆரஞ்சோடு வந்துவிட்டாய்.

அக்கா, அவளிடம் சொன்னதில் குண்டு மட்டும்தான் பொய். வண்டியை விட்டு இறங்கியதும் உண்மை, இரண்டு நாள் நடந்ததும் உண்மை. மூன்றாம் நாள் சண்டை குறுக்கே வந்துவிட்டது, வழி இல்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் நீ பயந்தது வீண் பயமும் இல்லை. நீ என்னைச் சாகடித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது.

இனி வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன், ஊருக்குத் தெரிந்தே வரட்டும். ஸ்தெஃபாவுக்கும் ப்ரானாஸுக்கும் என் வணக்கம். டாக்டரம்மாவுக்கு ஆசீர்வாதம்.

அதோமாஸ்